நாகமலை அடிவாரத்தில் 600 சதுர அடிப் புல்தரை: நான்கு கோடைகளுக்குப் பிறகு

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் கட்டிய வீட்டின் முன்புறம் 30 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட வெற்றிடம் ஒன்று இருந்தது. 2022 தை மாதத்தில் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்திருந்ததால், வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பச்சைப் புல்லில் கால் வைத்து உள்ளே வர வேண்டும் என்ற ஆசையில், பொங்கலுக்கு அடுத்த வாரமே பாய்போல வெட்டி வரும் புல்தகடுகளை வாங்கிப் பதித்துவிட்டேன். பதித்த நாளன்று எடுத்த படத்தைப் பார்த்து இதுவரை ஏழெட்டுப் பேர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். அந்தப் படத்துக்கும் இன்றைய தரைக்கும் இடையில் நடந்தவற்றைச் சொன்னால்தான் அவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மனையாவதற்கு முன்பு அது மானாவாரிச் சோளம் விதைத்த செம்மண் நிலம். மேலே அரையடிக்குச் சரளை கலந்த மண். அதற்குக் கீழே கடப்பாரை இறங்காத சுக்கான் கல். வீடு கட்டிய பத்து மாதங்களில் அதன்மேல் கலவை போட்ட இடமும், செங்கல் உடைந்த இடமும், பூச்சு வேலையில் சிந்திய சிமென்டும் சேர்ந்துகொண்டன. இரண்டு ஆள்களை வைத்து நான்கு அங்குலம் மண்ணைச் சுரண்டி எடுத்தபோது, ஒரு டிராக்டர் டிப்பர் நிறையக் கட்டட இடிபாடு போயிற்று. இந்த வேலையில் நான் கஞ்சத்தனம் காட்டவில்லை என்பதில் எனக்கு இன்றும் திருப்தி உண்டு. சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணில் தங்கினால் காரத்தன்மை கூடிப் புல்லுக்கு இரும்புச்சத்துக் கிடைக்காமல் போகும். இலை வெளிறி மஞ்சளாகும்போது நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவோம். கலவை போட்ட மூலையில் மட்டும் சரியாகச் சுரண்டாமல் விட்ட நான்கு சதுர அடி இடம், இன்றும் ஆண்டுக்கு இரு முறை அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்துத் தெளித்தால்தான் பச்சை பிடிக்கிறது.

எடுத்த மண்ணுக்கு ஈடாக நான்கு அங்குல உயரத்துக்குப் புது மண் தேவைப்பட்டது. 600 சதுர அடிக்கு அது 200 கன அடி, அதாவது இரண்டு யூனிட். நல்ல மண் வேண்டும் என்று கண்மாய் வண்டலாகவே பார்த்து வாங்கினேன். கறுப்பாக, ஈரப்பதத்தோடு, கையில் பிடித்தால் வெண்ணெய் போலக் குழைந்தது. அதோடு மக்கிய தொழு உரமும், கரையானை நினைத்து இருபது கிலோ வேப்பம் புண்ணாக்கும், தண்ணீர் இறங்குவதற்காகக் கொஞ்சம் மணலும் கலந்தேன். வண்டலை மட்டும் தனியாகப் போட்டிருந்தால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்திருக்கும். கொத்தனாரின் டியூப் மட்டத்தை வாங்கி, வீட்டுச் சுவரிலிருந்து தெருப்பக்கம் நோக்கி இருபதடிக்கு மூன்றரை அங்குலம் சரியும்படி வாட்டம் கொடுத்தோம். நடக்கும்போது இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, எங்கள் முற்றத்தில் தேங்கியது அரை மணி நேரத்தில் வடிந்துவிட்டது என்றால் அது அந்த மூன்றரை அங்குலத்தின் வேலைதான்.

புல், நாற்றுப்பண்ணைக்காரர்கள் மெக்சிகன் கிராஸ் என்று விற்பது. பெயரில் மெக்சிகோ இருந்தாலும் அது சோய்சியா வகை என்றார்கள். அந்த இனத்தின் தாயகம் ஆசியாவும் ஆஸ்திரேலியாப் பக்கமும்தான். சதுர அடிக்குப் பதினைந்து ரூபாய், பதிக்க ஐந்து ரூபாய். இரவில் லாரியில் வந்து இறங்கிய தகடுகளை விடிந்ததும் பதிக்கத் தொடங்கிப் பகல் இரண்டு மணிக்குள் முடித்தோம். அடுக்கி வைத்த தகடுகள் தமக்குள்ளேயே சூடேறி வெளுக்கும் என்பதால், இறக்கிய பின் ஒரு நாள் கிடக்கட்டும் என்று விடவே கூடாது. செங்கல் அடுக்குவதைப் போல, ஒரு வரிசையின் இணைப்புக்கு நேராக அடுத்த வரிசையின் இணைப்பு வராதபடி மாற்றி மாற்றிப் பதித்து, இடுக்குகளில் சலித்த மணலும் உரமும் தூவி, தண்ணீர் நிரப்பிய டிரம்மை உருட்டி அழுத்தினோம். முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர். பன்னிரண்டாம் நாள் ஒரு தகட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோது, வெள்ளை வேர்கள் வண்டலைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தன. இடையூறு செய்தவை மயில்கள் மட்டும்தான். மலையிலிருந்து விடியற்காலையில் இறங்கி வந்து இணைப்புகளைக் கிளறிப் புழு பொறுக்கும். பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் கைதட்டி விரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வேர் பிடித்த பிறகு அவை வந்தாலும் சேதமில்லை.

விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் புல்லைப் புகழ்ந்தார்கள். அதற்கடுத்த பத்தாம் நாள், தகடுகளின் இடுக்குகளிலிருந்தும் நடுவிலிருந்தும் ஊசி ஊசியாக, புல்லைவிட வெளிர்ந்த பச்சையில், ஒரே வாரத்தில் நான்கு அங்குலம் உயர்ந்து நின்றது கோரை.

களையெடுக்கக் கீழக்குயில்குடியிலிருந்து வந்த அம்மா ஒரு கொத்தைத் தோண்டி, நூல் போன்ற தண்டில் கோர்த்த கறுப்புக் கிழங்குகளை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “தம்பி, நீங்க மண்ணு வாங்கல, காசு குடுத்துக் கோரைய வாங்கிப் போட்டிருக்கீங்க” என்றார். நான் வெண்ணெய் என்று மகிழ்ந்த கண்மாய் வண்டலில்தான் அந்தக் கிழங்குகள் வந்திருந்தன. எங்கள் சரளை மண்ணில் அதுவரை ஒரு கோரையைக்கூட நான் பார்த்ததில்லை. நலங்கு மாவில் சேர்க்கும் வாசனைக் கோரைக்கிழங்கு இதுதான் என்று என் மனைவி ஒரு கைப்பிடியைக் காயவைத்தாள். இந்த நான்காண்டுகளில் அந்த வண்டலால் கிடைத்த ஒரே வருமானம் அதுதான்.

கோரையின் இயல்பை அறிந்தவர்களுக்கு அதன் பிறகு நடந்ததை ஊகிப்பது கடினமல்ல. மேலே பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும்; கிழங்கு மண்ணிலேயே தங்கி, சங்கிலியில் அடுத்திருக்கும் கிழங்கோடு சேர்ந்து முளைக்கும். முதல் ஆண்டு முழுவதும் வாரம் ஒரு நாள் கூலி கொடுத்துப் பிடுங்கினேன். எண்ணிக்கை கூடியதாகவே எனக்குப் பட்டது. ஒரு மூலையில் புல்லையே தியாகம் செய்து கறுப்பு பாலித்தீன் தாள் விரித்து மூடிப் பார்த்தேன். அதன் கூரிய முளை தாளைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. இரண்டாம் ஆண்டு, ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் கேட்ட பிறகு, கரும்பு வயலில் கோரைக்கு அடிக்கும் ஹாலோசல்ஃபியூரான் மெத்தில் மருந்தை ஆறு வார இடைவெளியில் இரு முறை தெளித்தேன். கோரை மஞ்சளாகிக் காய ஒரு மாதம் ஆயிற்று, புல் தப்பித்தது. அதற்குப் பின் மழைக்காலத்தில் மட்டும், பத்து நாளைக்கு ஒரு முறை, ஈரத்தில் கம்பியால் கிளறிக் கிழங்கோடு எடுக்கிறேன். கோரை முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எண்ணக்கூடிய அளவுக்கு வந்திருக்கிறது.

இவ்வளவுக்கும் மாற்று எளிமையானது. மண்ணைக் கொட்டிப் பரப்பிய பிறகு புல்தகடுகளுக்குச் சொல்லிவைக்காமல், வெறும் மண்ணுக்கே தினமும் தண்ணீர் விட்டு, உள்ளே இருப்பதெல்லாம் முளைக்கட்டும் என்று மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். முளைத்து ஆறேழு இலை வந்ததும், கிழங்கு வரை இறங்கும் கிளைபோசேட் போன்ற மருந்தால் அழிக்க வேண்டும். இலையை மட்டும் கருக்கும் மருந்து இதற்கு உதவாது. பிறகு மீண்டும் தண்ணீர் விட்டு, இரண்டாம் முறை முளைப்பதையும் அழிக்க வேண்டும். மருந்து வேண்டாம் என்பவர்கள், சித்திரை வெயிலில் மண்ணைக் கொத்திப் புரட்டிக் கிழங்கைக் காயவிடலாம். ஈரமில்லாமல் வெயிலில் கிடந்தால் அது செத்துவிடும். கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் வழியாகத்தான் பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு வரையறுத்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எப்படிச் செய்தாலும் இரண்டு மாதம் ஆகும். விழாவுக்காக அந்த இரண்டு மாதத்தைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

தண்ணீரைப் பற்றி முன்பே கணக்குப் போட்டிருந்தேன் என்பதால் அதிர்ச்சி இல்லை. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் இந்தப் பரப்புக்கு ஏறக்குறைய 280 லிட்டர் ஆகும். வேர் பிடித்த பிறகு தினமும் நனைப்பதை நிறுத்தி, மூன்று நாளைக்கு ஒரு முறை விடியற்காலையில் ஆழமாகப் பாய்ச்சினேன். மழைக்காலத்தில் மாலையில் தண்ணீர் விட்ட ஆண்டில் வட்ட வட்டமாகப் பூசணம் பிடித்தது, காலைக்கு மாற்றியதும் நின்றது. சிக்கல் அளவில் இல்லை, தரத்தில் இருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. மூன்றாம் கோடையில் மண்ணின்மேல் வெள்ளைப் படலம் தெரிந்தது. வீணாகிறதே என்று சமையலறை ஆர்.ஓ. கருவியின் கழிவு நீரைப் புல்லுக்குத் திருப்பியிருந்தேன். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது என்ற எளிய உண்மை, அந்தப் பக்கத்துப் புல்லின் நுனி கருகிய பிறகே உறைத்தது. இப்போது மொட்டைமாடி மழை நீரைத் தொட்டியில் பிடித்து மாதம் ஒரு முறையாவது நன்றாக அலசிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை மிச்சத்தைக் கழுவிக்கொண்டு போகிறது.

கிழக்கு மதிலோரம் வேப்ப மரம் இருக்கிறது. அதன் நிழலில் நூறு சதுர அடிக்கு மேல் புல் இரண்டாம் ஆண்டே மெலிந்து மண் தெரிந்தது. இரண்டு முறை புதுத் தகடு வைத்தும் நிற்காததால், அங்கே சரளை பரப்பிக் கல் பெஞ்சு போட்டுவிட்டோம். வீட்டில் அதிகம் பேர் உட்காரும் இடம் இப்போது அதுவே.

வெட்டுவதற்குக் கைத்தள்ளு இயந்திரம் வாங்கியது வீண். அடர்ந்த சோய்சியாவில் அது சிக்கிக்கொள்ளும். மின்சார இயந்திரம் நன்றாக உழைக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் கோடையில் மாதம் ஒரு முறையும் வெட்டுகிறோம். வெயில் காலத்தில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் விடுகிறோம். உரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: அரைக் கிலோ யூரியாவுக்கு மேல் இந்தப் பரப்புக்கு ஒரு தடவையில் வேண்டாம், தூவிய உடனே தண்ணீர் விட வேண்டும். தொலைபேசி வந்து நான் மறந்துபோன ஒரு மாலையின் கருகல், இரண்டு மாதம் சாட்சியாக நின்றது.

நான்காம் ஆண்டில் வேறொன்று நடந்தது. தெருப்பக்கத்திலிருந்து நாட்டு அருகம்புல் நுழைந்து, உப்பும் மிதியும் அதிகமான நடைபாதை ஓரத்தை முழுவதும் பிடித்துக்கொண்டது. முதலில் அதையும் பிடுங்கினேன். என் அம்மா, “பிள்ளையாருக்கு வைக்கிறதப் புடுங்கிட்டு லாரியில வந்ததுக்குத் தண்ணி ஊத்துறியே” என்றதற்காக இல்லாவிட்டாலும், அது பாதித் தண்ணீரில் பச்சையாக இருப்பதைப் பார்த்து விட்டுவிட்டேன். நிறத்தில் வேறுபாடு தெரிகிறது. படம் எடுக்காதவர்களுக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை.

செலவைக் கேட்பவர்களுக்கு: புல்லும் பதிப்பும் சேர்த்து 12,000 ரூபாய், மண், உரம், இடிபாடு அகற்றிய கூலி சேர்த்து ஏறக்குறைய அதே அளவு. முதல் இரண்டு ஆண்டுகளில் கோரை எடுக்கக் கொடுத்த கூலி இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம்.

சென்ற மாதம் திருமங்கலத்தில் வீடு கட்டும் என் மைத்துனர் ஒரு யூனிட் வண்டல் இறக்கினார். புல்லுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம், பரப்பித் தண்ணீர் மட்டும் விடுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒன்பதாம் நாள் ஒரு படம் வந்தது. “மாமா, இது சாதாரணப் புல்தானே?” என்று கேட்டிருந்தார். தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். உருண்டையாக உருண்டால் புல், மூன்று பட்டையாக இடறினால் கோரை என்று எழுதினேன். இடறுகிறது என்று மறுநாள் காலையில் பதில் வந்தது. முன்பணம் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது.