ஜியாம்பி போன பிறகு: 2002-க்காக ஓக்லாந்து போட்ட கணக்குகள்

2001 அக்டோபரில், பேஸ்பால் பிளே ஆஃபில், ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸிடம் தோற்று வெளியேறியது. ஐந்து ஆட்டத் தொடரில் முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டு, மிச்ச மூன்றையும் கோட்டைவிட்டார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள் இன்னொரு அடி. ஒப்பந்தம் முடிந்த மூன்று பெரிய ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். ஜேசன் ஜியாம்பி 7 ஆண்டுக்கு 12 கோடி டாலர் வாங்கிக்கொண்டு அதே யாங்கீஸுக்குப் போனார். ஜானி டேமன் 4 ஆண்டுக்கு 3 கோடியே 10 லட்சத்துக்கு பாஸ்டனுக்குப் போனார். ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் 4 ஆண்டுக்கு 2 கோடியே 70 லட்சத்துக்கு செயின்ட் லூயிஸுக்குப் போனார்.

ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம் என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் விநோதமாக இருக்கும். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி ஒரு கட்டாய உச்சவரம்பு கிடையாது. 2002-இல் யாங்கீஸின் சம்பளப் பட்டியல் 12 கோடி டாலரைத் தாண்டியது. ஓக்லாந்துக்கு இருந்தது சுமார் 4 கோடி. போன மூவரையும் அதே விலைக்கு வைத்துக்கொண்டிருந்தால், சராசரி பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 16 லட்சம் அவர்களுக்கே போயிருக்கும். 25 பேர் அணியில் மீதி 22 பேருக்கு 84 லட்சம். ஆகவே மூவரையும் தக்கவைப்பது என்பது ஒரு வழியே இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் கையில் வேறு என்னென்ன இருந்தன, ஓக்லாந்தின் பொது மேலாளர் பில்லி பீன் எதை எடுத்தார், எது சரி என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் ஃபர்ஸ்ட் பேஸ், அதாவது ரன் எடுக்க ஓடுபவர் கடக்க வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவதைக் காப்பவரின் இடம். கடினமான கேள்வி இதுதான்.

ஜியாம்பி 2001-இல் 38 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அதைவிட முக்கியம், அவருடைய ஆன்-பேஸ் விகிதம் 0.477. நூறு முறை பேட் பிடித்து நின்றால் ஏறக்குறைய 48 முறை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்விடுவார். அடித்தும் போகலாம், பந்தெறியும் பிட்சர் நாலு பந்தைத் தப்பாகப் போட்டால் கிடைக்கும் வாக் மூலமும் போகலாம். யாங்கீஸ் கொடுத்த விலைப்படி அவருடைய சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 1 கோடியே 71 லட்சம். ஓக்லாந்தின் மொத்தக் காசில் நாற்பது சதவீதத்துக்கு மேல்.

இரண்டாவது வழி, கார்லோஸ் பென்யா. 23 வயது, பெரிய நம்பிக்கை நட்சத்திரம், சம்பளம் மிகக் குறைவு. அவரையும் பிட்சர் மைக் வெனாஃப்ரோவையும் வாங்க டெக்ஸஸுக்கு நாலு இளம் வீரர்களைக் கொடுத்தார்கள். மூன்றாவது வழி, ஸ்காட் ஹாட்டெபர்க். பாஸ்டனில் கேட்சராக, நம் விக்கெட் கீப்பர் மாதிரி, இருந்தவர். முழங்கை நரம்பு கெட்டுப்போய், பந்தை ஒழுங்காக எறிய முடியாத நிலை. பாஸ்டன் அவரை கொலராடோவுக்குத் தள்ளியது, கொலராடோவும் ஒப்பந்தம் கொடுக்காமல் விட்டுவிட்டது. ஓக்லாந்து ஓராண்டுக்கு 10 லட்சத்துக்கும் குறைவான தொகையில் அவரை எடுத்து, அதுவரை ஆடியே இராத ஃபர்ஸ்ட் பேஸில் ஆடக் கற்றுக்கொடுத்தது. பயிற்சியாளர் ரான் வாஷிங்டன் பொறுமையாக உட்கார்ந்து சொல்லித்தந்த வேலை அது. ஹாட்டெபர்க்கிடம் இருந்த ஒரே சொத்து பொறுமை. கண்ட பந்துக்கும் மட்டையை வீச மாட்டார். 2002-இல் அவருடைய ஆன்-பேஸ் 0.374, ஹோம் ரன் 15.

பென்யா அந்த ஆண்டு ஓக்லாந்துக்காக 40 ஆட்டம் ஆடினார். அடி சரியாக விழவில்லை. ஜூலையில் மூன்று அணிகள் சேர்ந்து செய்த பேரத்தில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு யாங்கீஸிலிருந்து பிட்சர் டெட் லில்லி வந்தார். அந்தப் பேரத்தில் எனக்கு உறுத்துவது பென்யா இல்லை, அவரோடு போன ஜெரமி பாண்டர்மன். 2006-இல் டெட்ராய்ட் இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை போனபோது அவர்களுடைய முக்கிய பிட்சர்களில் அவரும் ஒருவர். வழியில் அவர்கள் வீழ்த்திய அணி ஓக்லாந்துதான். குறைந்த காசில் வேலை செய்யும்போது இளம் பிட்சரைக் கூடுதலாகத் தூக்கிக் கொடுப்பது சின்னச் செலவு மாதிரித் தெரியும். பில் வருவது நாலு வருஷம் கழித்து.

சரி, ஜியாம்பியை விட்டது தப்பா? காசு என்று பார்த்தால் இல்லை. அவர் யாங்கீஸில் முதல் இரண்டு ஆண்டும் தலா 41 ஹோம் ரன் அடித்தார், 2004-இல் உடம்பு முடியாமல் 80 ஆட்டம்தான் ஆடினார். 4 கோடி வைத்திருக்கும் அணி அப்படி ஓர் ஆண்டைத் தாங்கியிருக்க முடியாது. ஆனால் ஹாட்டெபர்க் ஜியாம்பியின் இடத்தை நிரப்பினார் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 0.477 எங்கே, 0.374 எங்கே. ஓட்டைக் குடத்தில் சாந்து பூசிய மாதிரிதான் அது. நல்ல சாந்து, அவ்வளவுதான்.

அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில், கேள்வி இவ்வளவு சிக்கலில்லை. டேமன் வேகமானவர், அழகாக ஆடுவார், ரசிகர்களுக்கு உயிர். ஆனால் 2001-இல் அவருடைய ஆன்-பேஸ் 0.324, லீக்கின் சராசரிக்கே கொஞ்சம் கீழே. அவருக்கு ஆண்டுக்கு 77 லட்சத்துக்கு மேல், அதுவும் நாலு ஆண்டு. அதற்குப் பதில் வந்தவர் டேவிட் ஜஸ்டிஸ். யாங்கீஸிலிருந்து மெட்ஸ், மெட்ஸிலிருந்து ஓக்லாந்து என்று ஒரே மாதத்தில் இரண்டு கை மாறினார். 36 வயதாகப் போகிறது, சம்பளம் 70 லட்சம், அதில் ஒரு பங்கை மெட்ஸ் ஏற்றுக்கொண்டது. விலை டேமனுடையதைவிடப் பெரிதாகக் குறைவில்லை. ஆனால் ஓராண்டோடு கணக்குத் தீர்ந்தது. அவர் கொடுத்தது 0.376. டேமனின் கால்களை இழந்தார்கள், நடு மைதானத்தில் டெரன்ஸ் லாங் டேமன் அளவுக்கு ஓடிப் பிடிக்கவில்லை. அந்த ஓராண்டுக்கு மட்டும் பார்த்தால் சரியான முடிவு. நாலு ஆண்டுக்குப் பார்த்தால் பாஸ்டன் கொடுத்த காசுக்கு டேமன் நன்றாகவே உழைத்தார்.

அப்புறம் க்ளோசர். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வீசுபவர் மாதிரி, முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுப்பவர். வெற்றியை முடித்தால் அவர் பெயரில் ஒரு சேவ். பீன் இங்கேதான் மற்றவர்களைவிடத் தெளிவாக இருந்தார் என்று நினைக்கிறேன். சேவ் என்ற எண்ணிக்கை ஆளைவிட வாய்ப்பைச் சார்ந்தது. நல்ல பிட்சரை அந்த இடத்தில் நிறுத்தினால் எண்ணிக்கை தானாக ஏறும், சந்தை அதைப் பார்த்து விலை கொடுக்கும். இஸ்ரிங்ஹவுசனே அப்படி உருவானவர்தான். மெட்ஸில் சீந்துவாரில்லாமல் இருந்தவரை 1999-இல் வாங்கி, 2001-இல் 34 சேவ் வரை கொண்டுவந்து, பெரிய விலைக்குப் போகவிட்டார்கள்.

அந்த இடத்துக்கு ஜிம் மெசிர், ஜெஃப் டாம், சாட் பிராட்ஃபோர்ட் என்று அணிக்குள்ளேயே ஆட்கள் இருந்தார்கள். காசே செலவில்லை. பீன் அதைச் செய்யாமல் டொராண்டோவிலிருந்து பில்லி கோட்சை வாங்கினார். கொடுத்தது எரிக் ஹின்ஸ்கியையும் பிட்சர் ஜஸ்டின் மில்லரையும். ஹின்ஸ்கி 2002-இல் 24 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார். என் பார்வையில் அந்தக் குளிர்காலத்தின் அதிக விலை இதுதான். ஹின்ஸ்கி ஆடும் தேர்ட் பேஸில் எரிக் சாவேஸ் அசையாமல் நின்றார் என்பது உண்மை. ஆனாலும் அப்படி ஒரு பேட்டரைக் கொடுத்தால் க்ளோசரைவிடப் பெரிதாகக் கேட்டிருக்கலாம்.

கோட்ச் தன் பங்குக்கு 44 சேவ் எடுத்தார். அந்த எண்ணிக்கை சூடு ஆறுவதற்குள் அவரை சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்து கீத் ஃபோக்கை வாங்கினார் பீன். 2003-இல் ஃபோக் 43 சேவ். கோட்ச் சிகாகோவில் சரிந்துபோனார். ஹின்ஸ்கியைக் கொடுத்து வாங்கியது கோட்சை மட்டுமில்லை, ஃபோக்கையும் சேர்த்துத்தான் என்று வாதாடலாம். பாதி ஒத்துக்கொள்கிறேன்.

மூவரையும் போகவிட்டதில் இன்னொரு வரவும் உண்டு. அப்போதைய விதிப்படி, பெரிய ஆட்டக்காரரை எடுத்துக்கொண்ட அணி, தன் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பை (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட்), அவரை இழந்த அணிக்குக் கொடுக்க வேண்டும்; சுற்று முடிவில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கும். 2002 டிராஃப்டில் ஓக்லாந்துக்கு முதல் 39 இடங்களுக்குள் ஏழு வாய்ப்புகள். டேமனுக்காக வந்த 16-ஆவது இடத்தில் நிக் ஸ்விஷர், ஜியாம்பிக்காக வந்த 24-இல் ஜோ பிளாண்டன். இரண்டும் நல்ல அறுவடை. 35-இல் எடுத்த ஜெரமி பிரவுனைப் பற்றிப் பேச்சு நிறைய இருந்தது, பெரிய லீக்கில் அவர் ஆடியது ஐந்தே ஆட்டம்.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே. 2001-இல் 102 வெற்றி, 2002-இல் 103, அதில் தொடர்ச்சியாக 20 வெற்றி. ஆனால் ரன்களைப் பாருங்கள். 2001-இல் எடுத்தது 884, 2002-இல் 800. கொடுத்தது 645, பிறகு 654. பேட்டிங் 84 ரன் குறைந்திருக்கிறது. வாங்கிய ஆட்கள் இழப்பை ஈடுகட்டவே இல்லை. நெருக்கமான ஆட்டங்கள் சாதகமாக விழுந்தன, அணி கவிழாமல் டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஸீட்டோ என்ற மூன்று பிட்சர்களும் தாங்கிப் பிடித்தார்கள். ஸீட்டோ அந்த ஆண்டு 23 வெற்றியோடு சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், மிகெல் தெஹாடா மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கினார். ஆறு ஆண்டு முடியும்வரை ஆட்டக்காரர் வேறு அணிக்கு ஏலம் பேச முடியாது, முதல் சில ஆண்டுகள் சம்பளமும் சொற்பம். அதனால்தான் இவர்கள் எல்லோரும் அந்த 4 கோடிக்குள் அடங்கினார்கள்.

2003 முடிந்ததும் தெஹாடாவின் முறை வந்தது. பால்டிமோர் 6 ஆண்டுக்கு 7 கோடியே 20 லட்சம் கொடுத்தது. ஓக்லாந்து அதே பாணியில் பாபி கிராஸ்பியை நிறுத்தியது. அவரும் 2004-இன் சிறந்த புதுமுகம் ஆனார், ஆனால் அணி 91 வெற்றியோடு நின்று பிளே ஆஃபுக்கு வெளியே போனது. அந்த டிசம்பரில், ஒரே வாரத்தில், வேறு வீரர்களை வாங்கிக்கொண்டு ஹட்சனை அட்லாண்டாவுக்கும் மல்டரை செயின்ட் லூயிஸுக்கும் கொடுத்தார்கள்.