பாலைவனத்தில் மூன்று குளிர்காலம்: ஒரு வேன், கொஞ்சம் வெயில், 14 மணி நேர இரவு

மூன்று குளிர்காலங்களை அரிசோனாவிலும் அதை ஒட்டிய கலிஃபோர்னியா பாலைவனத்திலும் தனியாக வேனில் கழித்துவிட்டேன். எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 11 மாதம். சியாட்டிலில் வேலை, கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் எங்கிருந்தும் செய்கிற வேலை. நவம்பரில் பிடிக்கும் மழையும் நாலரை மணிக்கே கவியும் இருட்டும் தாங்காமல் முதல் தடவை தெற்கே வண்டியை விட்டேன். உயரக் கூரை போட்ட சரக்கு வேன், உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு மேசை. எழுந்து நின்றால் தலை இடிக்காது, அது முக்கியம்.

கேட்கிறவர்கள் எல்லோரும் பகலைப் பற்றியே கேட்கிறார்கள். வெயில் அடிக்குமா, சோலார் போதுமா, தூசி வருமா என்று. பகலில் ஒரு சிரமமும் இல்லை. ஜனவரி மத்தியானத்தில் 18, 19 டிகிரி, கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்தால் அதைவிடச் சுகம் வேறில்லை. டிசம்பர் கடைசியில், நான் அதிகம் தங்குகிற குவார்ட்ஸைட் என்ற அரிசோனா ஊர்ப் பக்கம், சாயங்காலம் 5.35-க்கு மறைகிற சூரியன் மறுநாள் காலை 7.35 ஆனால்தான் வரும். அந்த 14 மணி நேரத்தை ஆறடி அகலத் தகரப் பெட்டிக்குள் ஓட்ட வேண்டும். வாங்கிப் போட்ட சாமான்கள், எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் அந்த இரவை வைத்தே இப்போது எடைபோடுகிறேன்.

முதலில் இடம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மத்திய அரசு நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. அதில் பெரிய பங்கு பியூரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட் என்ற அரசுத் துறையின் பொறுப்பு, சுருக்கமாக பிஎல்எம். பல இடங்களில் காசில்லாமல் தங்கலாம். நான் தங்குகிற பக்கத்தில் 28 நாளைக்குள் 14 நாள் வரை, அதன் பிறகு 25 மைல் தள்ளிப் போய்விட வேண்டும். காசில்லாத இடத்தில் குழாய் கிடையாது, கழிவறை கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது, எல்லாவற்றையும் நாமே கொண்டுவந்து நாமே எடுத்துப் போக வேண்டும். குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே லா போசா என்ற நெடுநாள் தங்கல் பகுதியும் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்கும் சேர்த்து அங்கே நான் கட்டியது 180 டாலர். தண்ணீர் பிடிக்கலாம், கழிவுத் தொட்டியைக் காலி செய்யலாம், குப்பை போடலாம். முதல் தடவை வருகிறவர்கள், அதுவும் தனியாக வருகிறவர்கள், இதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். நான் முதல் வருடம் இலவசம் இலவசம் என்று ப்ளோமோசா ரோட்டுப் பக்கமே கிடந்து, குப்பைக்கும் தண்ணீருக்கும் அலைந்தே பாதி நாளைத் தொலைத்தேன்.

குவார்ட்ஸைட் போனால் ஹை ஜாலி சமாதியைப் பாருங்கள். ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரர், அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களைச் சோதித்துப் பார்த்தபோது 1856-இல் அவற்றோடு வந்தவர். அவர் பெயர் அமெரிக்கர்கள் வாயில் ஹை ஜாலி ஆகிவிட்டது. 1902-இல் இறந்தார். கல்லால் கட்டிய சின்னப் பிரமிடு, உச்சியில் செம்பு ஒட்டகம். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து இங்கேயே தங்கிப்போன மனிதர், ஒவ்வொரு வருடமும் ஒரு தடவை போய் நின்றுவிட்டு வருகிறேன்.

சரி, கரண்ட். கூரையில் 400 வாட் சோலார் தட்டையாகப் பதித்திருக்கிறேன், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி. கணக்குப் பார்த்தபோது தாராளம் என்று தோன்றியது. ஆனால் டிசம்பரில் இங்கே உச்சிவேளையிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும். படுத்துக்கிடக்கும் பேனலுக்குச் சாய்வாகத்தான் வெயில் கிடைக்கும், உச்சியிலேயே பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நாள் முழுக்க எனக்குக் கிடைத்தது 1,000 வாட் மணியை ஒட்டி. ஃப்ரிட்ஜ், லேப்டாப், இன்டர்நெட் டிஷ், ஹீட்டரின் விசிறி, ராத்திரி விளக்கு எல்லாம் போக மேகம் கட்டிய இரண்டாம் நாளே பேட்டரி இறங்கிவிடும். இரண்டாவது வருடம் 100 வாட் மடக்குப் பேனல் ஒன்று வாங்கி, தெற்குப் பார்த்து டயர்மேல் நன்றாக நிமிர்த்திச் சாய்த்து வைத்தேன். அது ஒன்றே கூரையில் இருக்கும் 200 வாட் கொடுப்பதில் முக்கால் பங்குக்கு மேல் தருகிறது. கூரையில் இன்னொரு பேனல் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் அந்தப் பணத்தில் இதை வாங்குங்கள்.

பேட்டரி விஷயத்தில் ஒரு தடவை நன்றாகப் பயந்தேன். மோஹாவே பாலைவனத்தில் 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு ராத்திரி. காலையில் வெயில் பளீரென்று அடிக்கிறது, பேட்டரியில் ஒரு துளி ஏறவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் படிந்து கெட்டுப்போகும் என்பதால் அதன் பாதுகாப்புச் சுற்று தானே கதவைச் சாத்திக்கொள்கிறது. என் பேட்டரி பின்கதவு ஓரத்தில், தகரத்தை ஒட்டி இருந்தது. உள்ளே கட்டிலடியில் கொண்டுவந்து வைத்த பிறகு அந்தத் தொல்லை வரவேயில்லை. அன்றைக்கு அது சூடேறும்வரை சீமா டோம் என்ற மேட்டுப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். 2020 ஆகஸ்ட் தீயில் அங்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோஷுவா மரங்கள் போயிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கருகிய மரங்கள் கையைத் தூக்கியபடி அப்படியே நிற்கின்றன. வேனுக்குத் திரும்பிய பிறகும் வெகுநேரம் பேசத் தோன்றவில்லை, பேச ஆளும் இல்லை.

குளிரை விடப் பெரிய தொல்லை ஈரம். பாலைவனத்தில் என்ன ஈரம் என்று நானும் நினைத்தேன். முதல் வருடம் புகைக்குழாய் இல்லாத சின்ன கேஸ் ஹீட்டர் வைத்திருந்தேன். எரிகிற ஒவ்வொரு கிலோ புரொப்பேனும் சுமார் 1.6 கிலோ நீராவியை வேனுக்குள்ளேயே விடும், அதோடு நம் மூச்சு, சாதம் வடித்த ஆவி. காலையில் கண்ணாடியில் பெருவிரலை வைத்தால் கோடாக ஒழுகும், துணியால் துடைத்துப் பிழிந்தால் அரை டம்ளர் வரும். ஜனவரி நடுவில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கரும்புள்ளிப் பூஞ்சை. மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் டீசல் ஹீட்டர் மாட்டினேன், அதன் புகை வெளியே போய்விடும், உள்ளே வருவது உலர்ந்த சூடு. மலிவான ஒன்று, பெயர் வேண்டாம். மூன்றாவது வாரமே விடியற்காலை மூன்று மணிக்கு நின்றுபோய்ப் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கரி. ராத்திரி முழுதும் மிகக் குறைந்த அளவிலேயே ஓட்டினால் சரியாக எரியாமல் கரி பிடிக்குமாம். இப்போது வாரம் ஒரு முறை அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுகிறேன், அப்புறம் நிற்கவேயில்லை. மெத்தைக்கடியில் காற்றுப் போக மரச்சட்டம், எப்போதும் ஒரு ஜன்னல் இரண்டு விரல் திறப்பு, தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம். எந்த ஹீட்டராக இருந்தாலும் அந்த அலாரம் இல்லாமல் ஒரு ராத்திரி கூடத் தூங்காதீர்கள்.

சாப்பாட்டில் எனக்கு இருந்த ஒரே கவலை தோசை மாவு. ராத்திரி வேனுக்குள் 6 டிகிரி, மாவு எங்கே புளிக்கும். முதல் வருடம் போர்வைக்குள் வெந்நீர்ப் பையோடு வைத்துப் பார்த்தேன், உள்ளே சுற்றிலும் பொங்கி நடுவில் அப்படியே கிடந்தது. பிறகு வழி தெரிந்தது: காலையில் வண்டியின் முகத்தைத் தெற்கே திருப்பி நிறுத்தி, மாவு டப்பாவை டேஷ்போர்டு மேல் ஒரு கறுப்புத் துணி போர்த்தி வைத்துவிட வேண்டும். கண்ணாடி வழியே விழும் வெயிலில் நாலு மணிக்கெல்லாம் மூடியை மெல்ல மேலே தள்ளும். இருட்டும் முன் இரண்டு தோசை வார்த்துப் பொடி தொட்டுச் சாப்பிட்டுப் பாத்திரத்தையும் துடைத்து வைத்துவிட்டால், இரவின் முதல் இரண்டு மணி நேரத்துக்கு வேலை ஒன்றும் இல்லை.

அந்த நேரம் அம்மாவுக்கு. எங்களுக்கு மாலை ஆறரை என்றால் கோபியில் மறுநாள் காலை ஏழு மணி, காபி ஆற்றுகிற நேரம். தினமும் ஒரே கேள்வி, "பக்கத்துல ஆராச்சும் இருக்காங்களா கண்ணு?" "இருக்காங்கம்மா, கூப்பிடுற தூரத்துல." ஜனவரியில் குவார்ட்ஸைட்டில் பெரிய ஆர்வி (வீடு போல வசதி செய்த வண்டி) கண்காட்சி நடக்கும்போது ஆயிரக்கணக்கான வண்டிகள் வந்து குவியும், சாயங்காலமானால் மொபைலில் வாட்ஸ்அப் கால் கூடப் போகாது. டிஷ் வாங்கியதற்கு வேலையை விட அம்மாதான் காரணம்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு இரவு எப்படி என்று பல பெண்கள் தனியே கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுவேன். வண்டியை வெளியேறும் பாதையைப் பார்த்தபடி நிறுத்துவேன். வாஷ் என்று சொல்லும் வறண்ட ஓடைப் படுகையில் எத்தனை சமமாக இருந்தாலும் நிறுத்த மாட்டேன், எங்கோ மேலே பெய்த மழை இங்கே வந்துவிடும். கட்டிலிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்கு இறங்காமலே போக முடிவதற்காகத்தான் ட்ரெய்லர் வேண்டாம் என்று வேன் வாங்கினேன். ஒரே ஒரு தடவை அது தேவைப்பட்டது. சுற்றிலும் இடம் கிடக்க, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பிக்கப் வந்து 20 மீட்டரில் நின்று விளக்கை அணைத்தது. யாரும் இறங்கவில்லை. அது யாராகவும் இருந்திருக்கலாம், வழி தவறியவராகக் கூட. எனக்கு மனசு ஒப்பவில்லை, சாவியைத் திருப்பிக் கிளம்பி லா போசா போய்ப் படுத்தேன். காரணம் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

நிஜமாகவே ராத்திரியில் வந்து சேதம் பண்ணியது பேக்ராட் (pack rat) என்கிற பாலைவன எலிதான். எஞ்சின் சூட்டுக்கு ஏறிவந்து, கண்ணாடி கழுவும் நீர்க்குழாயைக் கடித்து, எஞ்சின் மேல் சோயா (cholla) என்கிற முள்கள்ளியின் துண்டுகளை அடுக்கிக் கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார்: பானெட்டைத் திறந்தே வை, உள்ளே ஒரு சின்ன விளக்குப் போடு, அதற்கு இருட்டுதான் வேண்டும் என்று. ராத்திரியில் இங்கே வரிசையாகப் பானெட் திறந்த வண்டிகளைப் பார்த்தால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சோயா முள் உருண்டை காலில் ஒட்டினால் கையால் தொடக் கூடாது, சீப்பைக் கொடுத்து நெம்பி எறிய வேண்டும். என் செருப்புப் பக்கத்தில் எப்போதும் ஒரு சீப்பு உண்டு.

தண்ணீர் ஒரு நாளைக்கு 6 லிட்டர், சமையல், குடிக்க, பாத்திரம் சேர்த்து. இரண்டு 26 லிட்டர் கேன், எட்டு நாள் தாங்கும். குளியல் ஊருக்குள் காசு கொடுத்து, வாரம் இரண்டு தடவை.

நவம்பர் நடுவில் வந்து மார்ச் தொடக்கத்தில் கிளம்புவது என் வழக்கம். இந்த வருடம் மார்ச் முதல் வாரத்தில் வழக்கம்போல மாவை டேஷ்போர்டில் வைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்தேன். பதினொன்றரைக்குப் பார்த்தால் மூடி விழுந்து, மாவு வழிந்து ஸ்டியரிங் வரை வந்துவிட்டது. துடைத்துவிட்டு, அன்று சாயங்காலமே கேன்களை நிரப்பிக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டேன்.