கையெழுத்தா, முகமா, ஜி.எஸ்.ஸா? நம் பெயரில் இன்னொருவர் கம்பனி தொடங்காமல் எது தடுக்கும்

கிளிநொச்சிப் பக்கம் யாரையும் கேளுங்கள், தன் அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி எத்தனை இடத்தில் கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது. 2009-க்குப் பிறகு தகரத்துக்கு ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, குழுக்கடனுக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே இருந்தோம். அதில் ஒன்றை வைத்து யாராவது நம்மை ஒரு கம்பனிக்குப் பணிப்பாளராக்கினால்?

சின்னக் கடை என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகம் வழியாகப் போகிறது, ஜி.எஸ்., அதாவது ஊரின் கிராம சேவகர், உறுதிப்படுத்த வேண்டும். அலைச்சல்தான். ஆனால் புதுக்குடியிருப்பில் ஒரு ஜி.எஸ்.ஸுக்கு இன்னார் செத்துவிட்டார், இன்னார் கனடாவில் என்று தெரியும், அந்த அறிவு எந்தக் கணினியிலும் இல்லை. புதிதாக மாற்றலாகி வந்தவர் என்றால் அந்தப் பாதுகாப்பும் வெறும் முத்திரைதான்.

கம்பனி என்றால் கதை வேறு. 2007-ம் ஆண்டின் 7-ம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, எழுத்தில் சம்மதிக்காத ஒருவரைப் பணிப்பாளராக நியமிக்க முடியாது. நல்ல விதிதான், அதற்குத்தான் படிவம் 18. ஆனால் அந்தப் படிவத்தை இறக்கி, கையெழுத்து வைத்து, ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள், கொழும்பில் அதைப் பார்ப்பவருக்கு என் கையெழுத்தும் தெரியாது, முகமும் தெரியாது. நான் சம்மதிக்கவில்லை என்று பிறகு நிரூபிக்கும் பாடு எனக்கு.

லண்டனில் கடை வைத்திருக்கும் மச்சானுக்கு இப்போது வேறு விதம். அங்கேயும் முன்பு எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பதிந்தார்கள், 2023-ல் வந்த சட்டத்தால் 2024 மார்ச்சிலிருந்து பதிவாளர் சந்தேகமானதைத் திருப்பி அனுப்பலாம், 2025 நவம்பர் 18 முதல் புதிய பணிப்பாளர் ஒவ்வொருவரும் தான் யார் என்று உறுதிப்படுத்தித் தனிக் குறியீடு பெற வேண்டும். கம்பனிக்கு இதுதான் சரியான பூட்டு என்பேன். கடைக்கு எனக்கு ஜி.எஸ். போதும்.

சரி, பூட்டு உடைந்த பிறகு? இங்கே பொலிஸ் முறைப்பாடும் கம்பனிப் பதிவாளருக்குக் கடிதமும் ஒரே வாரத்தில் போகட்டும், ஒன்றை முடித்துவிட்டு மற்றது என்று காத்திருக்க வேண்டாம். நம் நாட்டின் 1883-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 399-ம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைக் குற்றமாக்குகிறது, பாவித்த பெயர் உண்மையான ஆளுடையதா, கற்பனையா என்பதுகூட அதற்குப் பொருட்டில்லை. கள்ளக் கையெழுத்துக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பொலிஸில் போட்ட பதிவின் பிரதியைக் கையில் வைத்திருங்கள், கடன்காரரோ வரிக்காரரோ வந்தால் முதலில் காட்டுவது அதைத்தான். வழக்கு என்று போனால் அதற்குக் காசும் வருடங்களும் வேண்டும்.

நான் இப்போது கொப்பி கொடுக்கும்போது குறுக்கே பேனாவால் 'குழுக்கடனுக்கு மட்டும்' என்று திகதியோடு எழுதித்தான் கொடுக்கிறேன். கொப்பிக் கடைக்காரர் சிரிக்கிறார்.