கும்பகோணத்தில் பழைய வீடு: பத்திரம் சீக்கிரம், பூச்சு மெதுவாக

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மாட்கள் ஊரில் சொத்து என்றால் மனையோ அடுக்குமாடியோ வாங்குவார்கள். நான் வாடகைக்கு விடலாமென்று கும்பகோணத்தில் பழைய மச்சு வீடொன்றைப் பிடித்தேன். அலுவலகங்களில்தான் இழுக்கும் என்று எதிர்பார்த்தேன். இழுத்தது கொத்து வேலை.

வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்கு மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு. பழைய வீட்டுக்கு அந்த ஆண்டுகளையும் விடக்கூடாது. பாகப்பிரிவினையும் அடமானமும் அங்கேதான் பதுங்கியிருக்கும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். டோக்கன், விரல் ரேகை, போட்டோ, முடிந்தது.

வீடு மெட்ராஸ் டெரஸ். மர உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, மேலே தட்டோடு பதித்த கூரை. முதலில் வந்த ஒப்பந்தக்காரர் அண்ணாந்துகூடப் பார்க்காமல், "இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம் சார்" என்றார். அனுப்பிவிட்டேன். சுவர்களின் அடிப்பகுதியில் யாரோ எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். அங்கே மட்டும் உப்புப் பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சிமெண்டு ஈரத்த உள்ளயே பூட்டி வச்சிரும். செதுக்கி எடுத்துட்டு சுண்ணாம்பு பூசுவோம். ஆனா அவசரப்படுத்தக் கூடாது." ஒரு பூச்சு இறுகாமல் அடுத்த பூச்சுக்குக் கை வைக்கமாட்டார். கூலி அதிகம்தான், ஆனால் நியாயம்.

வயரிங்கை ஒட்டுபோட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். இன்று வருகிற வாடகைதாரர் ஏசி மாட்டுவார். எர்த் இல்லாத பழைய லைன் தாங்காது. மொத்தமாக மாற்றினேன்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே முடிகிறது. உண்மையான தலைவலி வேறு. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாடகைதாரர் 31.2 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். புரோக்கரிடம் சொன்னதும் சிரித்துவிட்டு, "இதைச் சொன்னா எவன் சார் வருவான்?" என்றார். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித்துறையிடம் சான்று வாங்கலாம் என்று ஆடிட்டர் வழி சொன்னார், மனு போட்டிருக்கிறோம். மிஞ்சும் வாடகை, வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கு வரும்.

இனி மேற்பார்வை அக்கா பொறுப்பு. அவருக்கான அதிகாரப் பத்திரத்தை ஊரில் இருக்கும்போதே பதிந்துவிட்டேன். வெளிநாட்டில் எழுதினால் தூதரகச் சான்றொப்பம் வாங்கி, பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும்; இரட்டை வேலை.

மாடிப் பூச்சு இன்னும் பாக்கி. ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். நானும் முழுப் பணத்தைக் கொடுத்துவிடவில்லை.