டெல்ஃபீஸோடு மூன்று ஆண்டுகள்: புள்ளியே இல்லாத தடங்கள்

யஷ்வந்த்பூரில் ஒரு வாடகை அறை, 8 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி. பெங்களூரில் என் ஆய்வுக்கூடம் இவ்வளவுதான். துகள் மோதல்களைப் பதிவுசெய்யும் டிடெக்டரை, ஜியான்ட்4 என்ற விரிவான உருவகப்படுத்தல் நிரல் கொண்டு அடுக்கடுக்காகக் கணக்கிட்டால் ஒரு மோதலுக்கே நிமிடக்கணக்கில் ஆகலாம். அதையே தோராயமாகச் செய்யும் வேக நிரலான டெல்ஃபீஸில் பத்தாயிரம் மோதல்களை ஓடவிட்டு ஃபில்டரில் வெந்நீர் ஊற்றினால், டிகாஷன் இறங்குவதற்குள் கோப்பு தயார்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவே ஓர் ஆண்டு ஆனது.

மின்னூட்டத் துகள் டிடெக்டரில் விட்டுச்செல்லும் பாதையான தடத்தை டெல்ஃபீஸ் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. மோதலை உருவாக்கும் நிரல் பயான் என்ற ஒரு துகளைக் கொடுத்தால், சீரான காந்தப்புலத்தில் அதைத் திருகுசுருளாக வளைத்து டிடெக்டரின் உள் உருளையின் விளிம்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ் டிடெக்டருக்கான கார்டில் (டெல்ஃபீஸின் அமைப்புக் கோப்பு) ஆரம் 1.29 மீட்டர், புலம் 3.8 டெஸ்லா. குறுக்கு உந்தம் (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) 1 ஜிஇவி (துகள் இயற்பியலின் அலகு) என்றால் வளைவின் ஆரம் சுமார் 0.88 மீட்டர். மையத்தில் பிறந்த துகளுக்கு அந்த உந்தம் 0.73 ஜிஇவிக்குக் கீழே இருந்தால், பக்கச் சுவரைத் தொடாமல் சுழன்றபடியே முனைக்குப் போய்விடும். அடுத்தது, எந்தத் துகள் தடமாகும் என்ற குலுக்கல்: நடுப்பகுதியில் 1 ஜிஇவிக்கு மேற்பட்ட ஹேட்ரான்களில் (பயான் போன்ற துகள்களில்) 95 விழுக்காடு தேறும், 0.1 முதல் 1 வரை என்றால் 70. தேறியவற்றின் உந்தத்தைத் தற்செயலாகச் சற்றே கலைத்தால் தடம் ஆயிற்று. சிலிக்கானில் சிதறல் இல்லை, ஆற்றல் இழப்பு இல்லை, பொய்த் தடமும் இல்லை.

"அக்கா, ஒரு தடத்துக்கு எத்தனைப் புள்ளிகள் பதிவாகின்றன?" என்று மதுரையிலிருந்து வந்த இளைய மாணவி கேட்டாள். துகள் சிலிக்கான் அடுக்கைத் தொடும் அப்படிப்பட்ட புள்ளி ஒன்றுகூட இல்லை என்றதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

நான் சறுக்கியது அங்கேதான். சிதைவதற்குள் சில மில்லிமீட்டர் அளவே ஓடும் பி மெசான்களைப் பிரிக்க, தடம் மோதல் புள்ளியை எவ்வளவு நெருங்குகிறது என்ற அளவை நம்பினேன். படம் கண்ணாடிபோல் வந்தது. இரண்டு வாரம் மகிழ்ச்சி! மற்றத் தடங்கள் எல்லாம் மிகச் சரியாகச் சுழியத்தில் குவிந்திருப்பதைக் கண்டபோதுதான் உறைத்தது: என் கார்டு உந்தத்தை மட்டுமே கலைத்திருந்தது, தூரம் அசலாகவே வந்திருந்தது. தடத்தின் அளவுகளைக் கலைக்கும் தனித் தொகுதியைச் சேர்த்ததும் அந்தக் குவியல் சில பத்து மைக்ரான் அகலத்துக்குப் பரவியது. பாதிப் பெருமை போயிற்று. பிந்தைய பதிப்புகளில் தடத்தின் ஐந்து அளவுகளையும் அவற்றின் பிழைத் தொடர்புகளோடு சேர்த்துக் கலைக்கும் வசதியும் இருக்கிறது. தூரத்தை நம்பி ஆய்வு செய்பவர்கள் முதலிலேயே அதைப் பார்த்துவிடுங்கள்.

இன்றும் என் பொறுமையைச் சோதிப்பது ஒரு சின்ன விஷயம்தான்: கார்டில் நீளங்கள் மீட்டரில், வெளிவரும் கோப்பில் மில்லிமீட்டரில்.