ஓய்வுக்காலத்தில் ஸ்க்ரோல் ரம்பம்: சில ஆண்டுப் பயன்பாட்டில் அறிந்தவை

பணி ஓய்வுக்குப் பிறகு மரவேலை பழக விரும்பும் ஒருவர் எந்த இயந்திரத்தை வாங்கலாம் என்று கேட்டால், தயக்கமின்றி ஸ்க்ரோல் ரம்பத்தைத்தான் சொல்வேன். வட்ட ரம்பமும், மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்கும் ரவுட்டரும் உடல் வலுவையும் நீண்ட பயிற்சியையும் கேட்பவை. பிடி தளர்ந்தால் பலகையைக் கண நேரத்தில் பிடுங்கி எறிந்துவிடக் கூடியவை. ஸ்க்ரோல் ரம்பத்தில் 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு ஒன்று 2 சென்டிமீட்டர் அளவுக்கே மேலும் கீழுமாக ஆடுகிறது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, பலகையை இரு கைகளாலும் மேசையோடு அழுத்திப் பிடித்து, வரைந்த கோடு பிளேடுக்கு நேரே வரும்படி மெதுவாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். அறுபதைக் கடந்த பின் கோவையில் என் வீட்டு மாடியறையில் இதைத் தொடங்கிய நான், இன்றுவரை விடாமல் பயன்படுத்தி வருகிறேன்.

என்னிடம் இருப்பது 16 அங்குல இயந்திரம். பிளேடுக்கும் பின்புறத் தூணுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் அந்த அளவு குறிக்கிறது. வெட்டும் இடத்திலிருந்து பலகையின் விளிம்பு அதைவிடத் தூரத்தில் இருந்தால் பலகையை முழுச் சுற்றாகத் திருப்ப முடியாது. வேகத்தை நிமிடத்துக்கு 400 முதல் 1600 ஆட்டங்கள் வரை மாற்றிக்கொள்ளலாம். கடைகளில் மோட்டாரின் வாட் அளவைத்தான் முதலில் சொல்கிறார்கள். வீட்டு வேலைக்கு மோட்டார் எதுவாக இருந்தாலும் போதும் என்பதும், நாம் பார்த்து வாங்க வேண்டியது பிளேடின் மேல்முனையைப் பிடித்திருக்கும் கிளாம்பைத்தான் என்பதும் இத்தனை காலப் பயன்பாட்டில் என் உறுதியான முடிவு.

ஒரு சிக்குக் கோலத்தை மரத்தில் வெட்டுவதாக வைத்துக்கொண்டால் இதன் காரணம் விளங்கும். கம்பி, அதாவது கோலத்தின் கோடு, மட்டும் மரமாக நிற்க வேண்டும். கம்பி வளைத்திருக்கும் இடங்கள் யாவும் உள்ளிருந்து வெட்டி நீக்கப்பட வேண்டும். அதற்குப் புள்ளி இருக்கும் இடத்திலேயே துளையிட்டு, பிளேடின் மேல்முனையைக் கழற்றி, துளை வழியாகக் கோத்து, மீண்டும் மாட்டி, இழுவிசை ஏற்றி, அந்த ஓர் இடத்தை வெட்டி முடித்ததும் மறுபடியும் கழற்ற வேண்டும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் எல்லாம் கம்பி குறுக்கிட்டுச் செல்லும் 5 × 5 புள்ளிக் கோலத்தில், புள்ளிகளைச் சுற்றி 25 இடங்களும் நான்கு புள்ளிகளுக்கு நடுவே அமையும் இடங்கள் 16-மாக மொத்தம் 41 இடங்கள் வருகின்றன. ஒரே கோலத்துக்கு 41 முறை கழற்றி மாட்ட வேண்டும் என்றால், ஆலன் சாவியால் (அறுகோண முனையுள்ள திருகுசாவி) திருக வேண்டிய கிளாம்புக்கும் விரலாலேயே திருகக் கூடிய கிளாம்புக்கும் உள்ள வேறுபாடு, மூட்டுகள் இறுகத் தொடங்கிய விரல்களுக்கு மிகப் பெரியது. ஆகவே, கடையிலேயே ஒருமுறை நீங்களே பிளேடைக் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பிளேடுகளில் குறுக்கே சிறு முள் உள்ளவை, முள் இல்லாதவை என்று இரண்டு வகை உண்டு. முள் உள்ளது கொக்கியில் எளிதாக உட்கார்ந்துவிடும். ஆனால் அது நுழைய ஏறக்குறைய 5 மி.மீ. துளை தேவைப்படுவதால் நுண்ணிய வேலைக்கு உதவாது. முள் இல்லாத 3ஆம் எண் பிளேடுக்கு (எண் கூடக் கூடப் பிளேடு பெரிதாகும்) ஒன்றரை மி.மீ. துளை போதும். இரண்டு வகையையும் ஏற்கும் இயந்திரமே வாங்கத் தக்கது. 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 3ஆம் எண்ணையும், முக்கால் அங்குல மரத்துக்கு 5 அல்லது 7ஆம் எண்ணையும் நான் பயன்படுத்துகிறேன். கீழ்ப்பகுதியில் சில பற்கள் மேல்நோக்கி அமைந்த பிளேடு கிடைத்தால் அதையே வாங்குங்கள்; பலகையின் அடிப்புறத்தில் பிசிறு எழுவது வெகுவாகக் குறையும். நகைப் பட்டறைக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கும் பொற்கொல்லர் பிளேடும் நீளத்தில் இதற்குப் பொருந்தும் என்றாலும், பற்கள் மிக நெருக்கமாக இருப்பதால் மரத்தூள் அடைத்துக்கொள்கிறது. மெல்லிய பித்தளைத் தகட்டுக்கு அது மிக நன்று.

புதியவர்களைக் கலங்க வைக்கும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பலகையை எவ்வளவு நேராகச் செலுத்தினாலும் வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும். வயதாகிவிட்டதால் கை நிதானம் இழந்துவிட்டது என்று எவரும் வருந்த வேண்டாம். பிளேடு தயாரிக்கப்படும்போது அதன் ஒரு விளிம்பில் தங்கிவிடும் கூர்ப்பிசிறே இதற்குக் காரணம். அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டுகிறது. பலகையைச் சற்றே கோணலாகப் பிடித்துச் செலுத்தப் பழகினால் கோடு நேராகிவிடும். இழுவிசையும் முக்கியம்: மாட்டிய பிளேடை விரலால் சுண்டினால், சுருதி சேர்த்த தந்தியைப் போலத் தெளிவாக ஒலிக்க வேண்டும்.

மரத்தைப் பொறுத்தவரை, தேக்கின் அழகுக்கு ஈடில்லை. ஆனால் அதில் கலந்துள்ள சிலிக்கா பிளேடை விரைவில் மழுக்கிவிடுகிறது, மழுங்கிய பிளேடு மரத்தைக் கருக்குகிறது. மேற்பரப்பில் பார்சல் டேப்பை ஒட்டி வெட்டினால் கருகுவது குறைகிறது. தம்மம்பட்டிச் சிற்பிகள் கையாளும் தூங்குவாகை இந்த வேலைக்கும் இணங்கி வருகிறது. மலிவான பிளைவுட்டின் உள்ளடுக்குகளில் வெற்றிடங்கள் இருப்பதால், மெல்லிய கம்பி வெட்டும்போது உடைந்துவிடும்.

பெயர்ப்பலகை செய்ய விரும்புகிறவர்கள் தமிழ் எழுத்தின் அமைப்பை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். ‘இல்லம்’ என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு புள்ளிகள் எழுத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கின்றன. பலகையில் எழுத்தைத் துளையாக வெட்டினால் புள்ளி எளிதாக அமைந்துவிடும். ஆனால் ‘இ’யின் சுழிக்குள் இருக்கும் மரம் பிடிப்பின்றி விழுந்துவிடும். அதைத் தாங்கப் பாலம் விட்டால் எழுத்தின் வடிவம் கெடுகிறது. அதனால் எழுத்துகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக வெட்டிப் பின்பலகையில் ஒட்டுவதையே நான் விரும்புகிறேன். நேரம் அதிகமாகும், ஆனால் சுழிகள் முழுமையாக நிற்கும்.

உடல்நலம் பற்றியும் சொல்ல வேண்டும். உருப்பெருக்கி பொருத்திய எல்.இ.டி. விளக்கு இல்லாமல் உட்காராதீர்கள். கண்ணுக்கு மட்டுமன்றிக் கழுத்துக்கும் அதுவே காப்பு. இயந்திரத்தைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கி, அடியில் ரப்பர் விரிப்பு வைத்தால் கைகளுக்கு ஏறும் அதிர்வு தணியும். இங்கு எழும் தூள் மிக நுண்ணியது. தேக்கு, ஈட்டி மரத்தூள் பலருக்குத் தோலிலும் மூச்சுக்குழலிலும் ஒவ்வாமையைத் தருவதால் என்95 முகக்கவசம் கட்டாயம். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் சிறு வெட்டும் சிறியதல்ல என்பதால், பலகை எழும்பாமல் மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் இயந்திரத்தின் கால் பகுதியைக் கழற்றாமல் வைத்திருப்பதும், பிளேடை மாற்றுமுன் பிளக்கை உருவிவிடுவதும் நல்லது.

பழுது என்று இதுவரை வந்தது கிளாம்பின் திருகுகளில்தான். அடிக்கடி கழற்றி மாட்டுவதால் அவற்றின் முனை தேய்ந்து, பிளேடு வழுக்கத் தொடங்குகிறது. முனையை உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தினால் சில காலம் ஓடும். அந்தத் திருகுகள் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. இயந்திரம் வாங்கும்போதே இரண்டு ஜோடி கூடுதலாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.