ஹங்கேரி தகர ரயில் வாங்குபவர்கள் உஷார்

"1960கள், அசல் பெட்டியோடு, ஒரே வீட்டில் இருந்தது" என்று யாராவது ஹங்கேரியத் தகர ரயில் செட் விற்றால், பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். புடாபெஸ்டிலிருந்து ஒருவர் எனக்கு அனுப்பிய செட், அங்கே இங்கே பொறுக்கிச் சேர்த்த ஒட்டுவேலை.

பார்சலைப் பிரித்ததுமே குப்பென்று தின்னர் வாசனை. அறுபது வருஷம் பரணில் கிடந்த சாமானுக்கு ஏது தின்னர்?

இன்ஜின் மட்டும் அசல். லெமெஸாருட்யார் என்ற புடாபெஸ்ட் தகரச் சாமான் தொழிற்சாலையின் பொம்மை. தரையில் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டால் ஓடும் ரகம். தகரத்தை மடித்த நாக்குகளில் பெயின்ட் வெடித்து, உள்ளே பழுப்புத் துரு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பயணிகள் பெட்டி இரண்டும்தான் மோசடி. ஜன்னல் மூலையில் நகத்தை வைத்தேன், படமே உரிந்து வந்துவிட்டது! பிரின்டரில் எடுத்த தாளை ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் சிவப்பு முழுக்க மஞ்சளும் அடர் ரோஸுமாகப் பொடிப்புள்ளி. இன்ஜினில் இருக்கும் சிவப்போ, தகரத்திலேயே அச்சடித்தது, புள்ளியே இல்லாமல் ஒரே நிறம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அட்டைப்பெட்டி இன்னும் வேடிக்கை. பழுப்பேறி, மூலை நைந்து, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அடியில் தொழிற்சாலை முகவரி, அதில் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு. ஹங்கேரியில் அந்தக் குறியீடு வந்ததே 1973-இல். 1960களின் பெட்டியில் அது எப்படி வந்தது? அந்தக் காலத்துச் சரக்கில் கடை விலையை ஃபோரின்ட் என்ற ஹங்கேரி நாணயக் கணக்கில் முத்திரை குத்தியோ அச்சடித்தோ விடுவது அங்கே வழக்கம். இதில் அந்தச் சுவடே இல்லை. விளம்பரத்தில் "சோவியத் தயாரிப்பு" என்று வேறு போட்டிருந்தார். ஹங்கேரி எந்தக் காலத்தில் சோவியத் யூனியனுக்குள் இருந்தது?

ஆளிடம் கேட்டேன். முதலில், "பழைய பொருள், அப்படித்தான் இருக்கும்." அஞ்சல் குறியீட்டைச் சொன்னதும், "பெட்டி வேறு செட்டுடையதாக இருக்கலாம்." பணத்தைக் கேட்டதும் பதிலே இல்லை. கமிஷன் மிச்சம், விலையில் குறைக்கிறேன் என்று சொல்லி, ஏலத் தளத்துக்கு வெளியே நேராக வங்கிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அதனால் தளத்தில் புகார் கொடுத்தும் "எங்கள் வழியாக நடக்காத விற்பனை" என்று கை கழுவிவிட்டார்கள். யார் அப்படிக் கேட்டாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் மூன்று படம் கேளுங்கள்: அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம், தகர நாக்குகள் கிட்டத்தில், ரயில் பெட்டியைக் கவிழ்த்து உட்புறம். அசல் வைத்திருப்பவர் உடனே எடுத்து அனுப்புவார்.

செட் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஆனால் அதே படங்களோடு, வேறு பெயரில், நேற்று மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அடிப்பக்கப் படத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.